மாமாவின் இடது காது

கடந்த மாசி மாதத்திலிருந்து ஒரு விசயம் மனதை விட்டுப் போகாமல் நிற்கிறது. என் வீட்டு முன்னறையில், ஐந்து ஸ்பீக்கர்களுக்கு நடுவே நூல் பிடித்து அளந்து நான் போட்டு வைத்த கதிரையில், மாமா இருக்க மறுத்துவிட்டார். மறுத்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. இருந்தார், இரண்டு மூன்று நிமிடம் கேட்டார், பிறகு எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். அந்த நடையைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முதல் ஒரு கசற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் கேட்டது யெஸ் என்ற இங்கிலாந்து றொக் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’. 1972 செப்டெம்பரில் வந்த அல்பம். மொத்தம் மூன்றே பாட்டு. 18 நிமிடத்துக்கு மேல் ஓடும் தலைப்புப் பாட்டு ஒன்றே எல்.பி.யின் முதல் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இப்படி நீளமாகக் கட்டுகிற பாட்டுகளுக்குப் பேர்போன புரொகிரசிவ் றொக் கேட்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஊர் மூதூர். இருபது வயதில் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தவர், பிறகு உவர்மலையிலேயே தங்கிவிட்டார். 1974இல் கப்பலில் வந்த ஒரு மாலுமியிடம் அந்த எல்.பி.யை வாங்கினார். பாட்டு என்னவென்று தெரியாது, உறையின் பச்சை நிறத்துக்காகத்தான் வாங்கினேன் என்பார். ரோஜர் டீன் செய்த அந்த உறையின் முகப்பில் படம் என்று ஒன்றும் இல்லை. பச்சை ஒன்றே இருளிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும், அதில் குழுவின் பெயரும் அல்பத்தின் பெயரும் மட்டும். மாரி முடிந்த கையோடு கொட்டியாரத்து வயல்களைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்தப் பச்சை பிடித்துப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1986இல் கொழும்புக்குப் போனபோது எல்.பி.யையும் கொண்டுபோய், ஒரு ரெக்கோடிங் கடையில் கொடுத்து 60 நிமிடக் கசற்றில் பதிந்து எடுத்தார். பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டு 18 நிமிடத்தில் முடிந்துவிட, மீதி நாடாவை வெறுமனே விட மனமில்லாத கடைக்காரர் அதில் இளையராஜா பாட்டுகளை நிரப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு பாட்டு முழுதாக இருக்கும். மூன்றாவது பாட்டு பல்லவி முடிந்து கொஞ்சத் தூரம் போனதும் நாடா முடிந்து, மெஷின் ‘டக்’ என்று நிற்கும். 1990 ஆனியில் எல்லோரும் வீட்டை விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது ரெக்கோட் பிளேயரும் இல்லை, எல்.பி.களும் இல்லை. கசற் மட்டும் மாமாவின் பையில் எங்களோடு போய், எங்களோடு திரும்பி வந்தது.

அதனால் எனக்குத் தெரிந்த ‘குளோஸ் டு தி எட்ஜ்’ அந்தக் கசற்தான். பத்து வயதில், ஒற்றை ஸ்பீக்கர் வைத்த ஒரு ரேடியோ கசற்றில் கேட்டேன். பாட்டு தண்ணீர்ச் சத்தத்தோடும் பறவைச் சத்தத்தோடும் தொடங்கும். எங்கள் கசற்றில் நாடா தேய்ந்த இரைச்சல் எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியாது. மாமா மட்டும், “இது மகாவலி” என்பார். மகாவலி கங்கை கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர் சொன்னால் நாங்கள் நம்பத்தானே வேண்டும். பல வருடங்களுக்குப் பிறகு, இந்தப் பாட்டின் வரிகளுக்கு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவல் ஒரு தூண்டுதல் என்று படித்தேன். ஆற்றங்கரையில் இருந்து ஆற்றின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே தெளிவடைகிற தோணிக்காரன் அதில் வருவான். ஓடிப் போய் மாமாவிடம் சொன்னேன். “அப்ப நான் சொன்னது சரிதானே” என்றார். அவருக்கு அது புதுச் செய்தியாகவே இருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமாவுக்கு வலது காது கேட்காது. ஒன்பது வயதில் கூகைக்கட்டு வந்தது. காய்ச்சலும் வீக்கமும் போன பிறகு பார்த்தால் அந்தக் காது போய்விட்டிருந்தது. அந்த நோயில் அப்படி ஒரு காது மட்டும் போவது உண்டு. வீட்டில் யாரும் இதைப் பெரிதாகக் கதைத்ததில்லை. நடக்கும்போது நாங்கள் அவருக்கு இடது பக்கம் வந்துவிடுவோம், அவ்வளவுதான். சைக்கிளில் போகும்போது பின்னால் ஹோர்ன் அடித்தால் எந்தப் பக்கம் வாகனம் வருகிறது என்று அவருக்குப் பிடிபடாது. காலை ஊன்றி நிறுத்தி, தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் மிதிப்பார். சின்ன வயதில் அது எனக்கு வெறும் பழக்கமாகத்தான் தெரிந்தது.

அளந்து போட்ட கதிரை

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வீடு மாறியபோது தன்னுடைய அம்பிளிபயரையும் ஸ்பீக்கர்களையும் பெட்டி கட்டிக் கப்பலில் அனுப்பிவிட்டார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதற்கென்று ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்க வேண்டியதாயிற்று. செங்கல் போலக் கனமான சாமான். போட்டவுடன் ‘உம்ம்’ என்று இரையத் தொடங்கும். கீழே பலகை வைத்து, பலகைக்கு மேல் பழைய சாக்கை நாலாக மடித்து வைத்த பிறகு இரைச்சல் பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவே இல்லை.

அது 5.1 சரவுண்ட், கேட்பவரைச் சுற்றி ஸ்பீக்கர் வைக்கிற முறை. 5.1 என்றால் முன்னுக்கு மூன்று, பின்னுக்கு இரண்டு, தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு பெரிய பெட்டி. கேட்பவரின் மூக்குக்கு நேரே நடு ஸ்பீக்கர். அதற்கு இரண்டு பக்கமும் 30 பாகையில் முன் ஸ்பீக்கர்கள். காதைத் தாண்டிச் சற்றுப் பின்னால், 110 பாகையளவில் மற்ற இரண்டும். ஐந்தும் கதிரையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சீமெந்துத் தரையில் சோக்கால் ஒரு புள்ளி வைத்து, நூலைப் பிடித்து வட்டம் போட்டேன். பின் ஸ்பீக்கர்களுக்கு ஸ்டாண்ட் இல்லாததால் ஒன்று அம்மாவின் தையல் மெஷின் மேசைக்கு ஏறியது, மற்றது சாமி அறை வாசலில் ஒரு ஸ்டூலில். பெரிய பெட்டி கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில். கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் கிற்றார் கீழே இறங்கும்போதெல்லாம் அலுமாரிக்குள் அடுக்கிய கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். ஒவ்வொரு கிளாசுக்கும் நடுவே பேப்பர் மடித்துச் செருகினேன்.

நான் போட்ட வட்டு, அதே அல்பத்துக்கு 2013இல் வந்த சரவுண்ட் பதிப்பு. ஒலிகளைப் புதிதாகக் கலந்தவர் ஸ்டீவன் வில்சன். போர்க்கியூப்பைன் ட்ரீ குழுவை நடத்தியவர். 2009இல் கிங் கிறிம்சன் அல்பங்களில் தொடங்கி, ஜெத்ரோ டல், ஜென்டில் ஜயன்ட் என்று அந்தக் காலத்து அல்பங்கள் பலவற்றைச் சரவுண்டுக்கு மாற்றியவர். ஸ்டூடியோவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் குரலையும் தனித்தனித் தடங்களில் பதிந்த மூல நாடாக்களை எடுத்து, முதலில் பழைய ஸ்டீரியோக் கலவையை முடிந்தவரை அச்சொட்டாக மீட்டெடுப்பார். அது பிடிபட்ட பிறகுதான் ஒவ்வொன்றையும் அறையின் எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்று யோசிப்பார். இந்த அல்பத்தில் அது லேசான வேலையாக இருந்திருக்காது. லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் எடி ஒஃபர்டும் குழுவும் பாட்டைத் துண்டு துண்டாகப் பதிந்து, நாடாவை வெட்டி ஒட்டித்தான் அந்த 18 நிமிடத்தைக் கட்டினார்கள். அந்த உழைப்பு முடிந்த கையோடு ட்ரம்ஸ் வாசித்த பில் புரூபர்ட் குழுவை விட்டே போய் கிங் கிறிம்சனில் சேர்ந்துவிட்டார்.

முதல் நாள் இரவு தனியாக இருந்து கேட்டேன். பறவைகள் நாலு பக்கமும் எழும்பின. யன்னல் திறந்திருந்ததால் வளவிலிருந்து வந்த சில்வண்டுச் சத்தமும் சேர்ந்துகொண்டது. அது வரைக்கும் மெய்சிலிர்த்துப் போயிருந்தேன். அப்புறம் வாத்தியங்கள் உள்ளே விழுந்தன. அங்கேதான் எனக்கு ஏதோ கைநழுவியது. கசற்றில் அந்த இடம் ஒரே முட்டாக வரும். கிற்றாரும் பேஸும் ட்ரம்ஸும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து, அந்தச் சண்டைக்குள்ளே இருந்து குரல் திடீரென்று தலை நீட்டும். அந்த முட்டு மோதலைத்தான் நான் நேசித்திருக்கிறேன். இங்கே ஒவ்வொன்றும் விலகி, தனக்கென்று இடம் எடுத்து, சுத்தமாக நின்றது. எல்லாம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தேன். என் பாட்டு எங்கே என்று இருந்தது. சொதியை வடித்து, வெங்காயம் வேறு, மிளகாய் வேறு, தேங்காய்ப்பால் வேறு என்று தட்டில் வைத்துத் தந்தது போல.

பழைய கலவையில் கை வைப்பதே தவறு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பழையது எங்கேயும் போய்விடவில்லை, வேண்டுமானால் அதைக் கேட்கலாம். ஆனால் சரவுண்ட் என்பது கேட்பதைப் பார்ப்பதாக மாற்றிவிடுகிறது, மனம் பாட்டை விட்டுவிட்டு ‘இது எங்கிருந்து வருகிறது’ என்று தேடத் தொடங்கிவிடுகிறது என்ற எண்ணம் எனக்குள் இறுகிவிட்டது. இரண்டு மூன்று வாரம் அதையே நண்பர்களிடமும் சொல்லித் திரிந்தேன்.

மாமா நடந்தார்

சிவராத்திரி கழிந்த கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். கோணேசர் நகர்வலம் வருகிற நாட்கள். எங்கள் ஒழுங்கை முகப்பிலும் நிறைகுடம் வைத்து, வாழை கட்டி, தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். சாமி வர இரவாகும். அதுவரை நேரம் இருந்தது.

“மாமா, உங்கட கசற்றைப் புதுசாப் போட்டுக் காட்டட்டோ?” என்றேன்.

“கசற் உன்னட்டையோ இருக்கு?”

“கசற் இல்லை. பாட்டு.”

நடுக் கதிரையைக் காட்டி, “இதில இருங்கோ. இந்த இடத்திலதான் எல்லாம் வந்து சேரும்” என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இரண்டு காதால் கேட்பவனுக்கென்று அளந்த கதிரையில், ஒரு காதால் கேட்கும் மனிதரை இருத்திவிட்டு றிமோட்டை அழுத்தினேன்.

தண்ணீர் வந்தது. பறவைகள் வந்தன. மாமா தலையை இடப்பக்கம் கொஞ்சம் சரித்தார், பிறகு வலப்பக்கம். வாத்தியங்கள் தொடங்கியதும் கதிரையிலிருந்து எழும்பினார். சத்தம் கூடிவிட்டதாக்கும் என்று குறைக்கப் போனேன். “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று கையைக் காட்டினார். சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தையல் மெஷின் பக்கம் போனார். ஸ்பீக்கருக்கு இடது காதைக் கொடுத்து ஒரு அடி தள்ளி நின்றார். பிறகு முதுகை அதற்குக் கொடுத்துத் திரும்பினார். அங்கிருந்து சுவரோடு சுவராக நடந்து சாமி அறை வாசலுக்கு வந்தார். பிறகு முன்னுக்கு. நடு ஸ்பீக்கருக்கு முன்னால் கொஞ்சம் குனிந்து நின்று குரலைக் கேட்டார். அந்த அறையில் நான் மூன்று வாரமாக ஒரே புள்ளியில் இருந்திருக்கிறேன். மாமா பத்து நிமிடத்துக்குள் அதை நாலு தரம் சுற்றிவிட்டார்.

பாட்டின் நடுவில் எல்லாம் அடங்குகிற ஒரு இடம் உண்டு. ட்ரம்ஸ் நின்றுவிடும். கீபோர்ட் மெல்ல அலையடிக்க, ஜோன் அண்டர்சன் ஒரு வரியைப் பாட, கிறிஸ் ஸ்குவயரும் ஸ்டீவ் ஹோவும் அதற்குக் குறுக்கே வேறு வரிகளைப் பாடுவார்கள். அந்த நேரம் மாமா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். மெல்லத் திரும்பினார், மறுபடி திரும்பினார். முகத்தில் ஒரு குழப்பம். கிணற்றுக்குள் விழுந்த சாமானை எட்டிப் பார்க்கிறவர் போல.

“மருமகன், நிப்பாட்டு.”

நிறுத்தினேன்.

“இதில ரெண்டு பாட்டெல்லோ ஓடுது.”

“ஓம் மாமா. ஒராள் ஒன்று பாட, மற்ற ரெண்டு பேரும் வேற ஒன்று பாடுறாங்கள்.”

“நான் இவ்வளவு காலமும் அது எதிரொலி எண்டு நினைச்சனான்.”

ஐம்பது வருடம். எல்.பி.யில் கேட்ட காலமும் கசற்றில் கேட்ட காலமும் சேர்த்து. அவருக்கு அந்த இடம் ஒரு மனிதன் ஒரு மலையடிவாரத்தில் நின்று பாட, அவன் குரலே மங்கித் திரும்பி வருவதாக இருந்திருக்கிறது. கோணேசர் மலையில், இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் பாறையில் பட்டு வருமே, அப்படி என்று பிறகு சொன்னார். நான் ஒன்றும் சொல்லாமல் பாட்டைப் பின்னுக்கு எடுத்து அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். அவர் இந்தத் தரம் நடக்கவில்லை. இடது காதை முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம் என்று தலையை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டார். தராசுத் தட்டு நிலைக்கு வருகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஓர்கன் வந்தது. லண்டன் பார்பிக்கனில் இருக்கும் புனித ஜைல்ஸ் தேவாலயத்தின் ஓர்கனில் ரிக் வேக்மன் வாசித்துப் பதிந்தது. அது அறையை நிறைத்தபோது மாமா நடு அறையில் நின்றார். கதிரைக்குப் பின்னால், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு.

இரவு சாமி வந்தது. நாங்கள் நிறைகுடத்தடியில் நின்றோம். தவிலும் நாதஸ்வரமும் தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, நெஞ்சில் அடித்து, கடந்து போயின. மாமா எங்களோடு நிற்கவில்லை. வழக்கம்போலச் சாமியோடு கொஞ்சத் தூரம் நடந்து போனார். மேளக்காரர்களுக்கு வலப்பக்கமாக. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அவர் எப்போதும் அந்தப் பக்கம்தான் நடப்பார். இடது காது மேளத்துக்கு வர வேண்டுமென்றால் அந்தப் பக்கம் நடந்தால்தான் ஆகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அங்கே ஒருவரும் நிற்பதில்லை

அதற்குப் பிறகு நான் இதைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. இடது பக்கத்திலிருந்து வரும் சத்தம் இடது காதுக்கு முந்தியும், வலது காதுக்குப் பிந்தியும் சேரும். அந்தப் பிந்தல் மிகக் கூடினாலும் ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட வராது, அதிலும் மூன்றில் இரண்டு பங்குதான். தூரத்துக் காதுக்குத் தலை மறைப்பதால் சத்தம் சற்று மங்கியும் போகும். இந்தச் சின்னக் கணக்கை வைத்துத்தான் ஸ்டீரியோவே நடக்கிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே பாடகர் நிற்பது போல இருக்கும். உண்மையில் அங்கே ஒருவரும் நிற்பதில்லை. இரண்டிலும் ஒரே குரல் ஒரே அளவில் வருவதால் இரண்டு காதும் சேர்ந்து அந்த உருவத்தைக் கட்டுகின்றன. ஒரு காது மட்டும் உள்ளவருக்கு அந்த உருவம் எழும்பவே எழும்பாது. ஹெட்போனில் என்றால் இன்னும் மோசம்: பாட்டின் ஒரு பாதி அப்படியே கேட்காத காதுக்குள் போய் விழுந்துவிடும்.

சரவுண்டில் நிலைமை வேறு. பின்னால் இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஒன்றை வைத்தால் அது உண்மையாகவே அங்கிருந்து வருகிறது. கட்டப்பட்ட உருவம் இல்லை, இடம். காதை அதன் பக்கம் திருப்பினால் அது எழும்பும், தலையால் மறைத்தால் மங்கும். கிட்டப் போனால் பெரிதாகும். இரண்டாவது காது வேண்டியதில்லை, கழுத்தும் காலும் போதும். ஒற்றைக் கலவையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்த குரல்களை மாமா அறைக்குள் நடந்து நடந்து, மறைத்து மறைத்துப் பிரித்தெடுத்திருக்கிறார். மச்சான் அனுப்பிய பெட்டிக்குள் இருந்த கைநூலில் ஒரு படம் இருக்கும்: ஸ்பீக்கர்களைச் சுற்றி வைத்து, நடுவில் ஒரே ஒரு கதிரை. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் யார் அப்படிக் கதிரையில் அசையாமல் இருந்து பாட்டுக் கேட்டார்கள்? ரேடியோ விறாந்தையில் பாடும், அம்மா குசினியில் இருந்து கேட்பா, அப்பா கிணற்றடியில் கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் கேட்பா. ஒரே பாட்டு நாலு இடத்தில் நாலு விதமாகக் கேட்டது. ஒருவரும் அதைக் குறையென்று சொன்னதில்லை.

கிணற்றடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மாமா அந்த ரேடியோ கசற்றை ஒரு இடத்தில் வைத்துக் கேட்டதே இல்லை. யன்னல் கட்டில் வைத்துவிட்டு வளவுக்குள் நின்று கேட்பார். கதிரைக்குக் கீழே தரையில் வைப்பார். குளிக்கப் போகும்போது கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, வாளியை இறக்கியபடி சுற்றிச் சுற்றி வருவார். “உந்தப் பெட்டியை ஒரு இடத்தில வையன்டா, தண்ணிக்குள்ள விழப்போகுது” என்று அம்மா கத்துவா. நான் அவர் பொறுமையில்லாத ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் நேரே கேட்டேன், ஏன் மாமா அப்படிச் செய்தீர்கள் என்று.

கொஞ்சம் யோசித்தார். “பாட்டு அதேதான். கிணத்துக்கட்டில வச்சா ஆழமாக் கேக்கும். சுவர் மூலைக்க வச்சா கிட்டவாக் கேக்கும். வெளியில நிண்டு கேட்டா ஆரோ வேற வீட்டில போடுற மாதிரி இருக்கும். எல்லாம் எனக்கு வேணும்போல இருந்தது” என்றார்.

நான் ஒரு இரவு வலது காதில் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் விரலையும் வைத்து அழுத்திக்கொண்டு அந்த வட்டைப் போட்டேன். கதிரையில் இருந்தபோது எல்லாம் தட்டையாகி, இடப்பக்கச் சுவரில் பூசிவிட்டது போல ஒட்டிக்கொண்டது. மூச்சு முட்டியது. எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகுதான் அறை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ஓர்கனைக் கேட்டேன். கை எடுத்த பிறகும் தேவாலயத்துக்குள்ளே தங்கி நிற்கிற அந்த அதிர்வு, அங்கே நின்றபோது வாசித்த சுரத்தைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு காதோடு நடுக் கதிரையில் இருந்த நாளில் அதை நான் கவனிக்கவில்லை. நடந்துகொண்டே பாட்டின் தொடக்கத்தைத் திரும்பப் போட்டேன். நான் நேசித்த முட்டு கிடைத்தது. இரண்டு முன் ஸ்பீக்கருக்கும் வெளியே, கதவடியில், விறாந்தைக்குக் கால் வைக்கிற இடத்தில். அங்கே நின்றால் எல்லாம் மறுபடி ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுகின்றன.

சம்பந்தர் எங்கள் ஊர்க் கடலைக் ‘குரைகடல்’ என்று பாடினார். மலையில் மூன்று பக்கமும் கடல். பாதை ஏறும்போது ஒரு பக்கம் கேட்கும், வளைவு திரும்பினால் மற்றப் பக்கம், உச்சியில் நின்றால் கீழேயிருந்து. இத்தனை வருடமும் ஏறி இறங்கியிருக்கிறேன். இப்போது ஏறும்போது அடிக்கடி நிற்கிறேன், தலையைத் திருப்புகிறேன். பின்னால் வருகிறவர்கள் விலகிப் போகிறார்கள்.

சென்ற வெள்ளி மாமா திரும்ப வந்தார். கச்சான் காற்று அடிக்கிற நாள், வெக்கை தாங்காமல் கதவு யன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. நடுக் கதிரையை எடுத்து விறாந்தையில் போட்டிருந்தேன். அறை வெறுமையாக இருந்தது. தரையில் சோக்குப் புள்ளி மட்டும். அம்மா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. பாட்டை முதலிலிருந்து போட்டேன். மாமா ஒரு பக்கம் நடந்தார், நான் ஒரு பக்கம். நடுவில் இரண்டு மூன்று தரம் குறுக்கே வந்து முட்டிக்கொண்டோம். குரல்கள் பிரியும் இடத்தில் அவர் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். இங்கே நின்று கேள் என்பது போல. நின்று கேட்டேன்.

பாட்டு எப்படித் தொடங்கியதோ அப்படியே முடியும். வாத்தியங்கள் அடங்கி, தண்ணீர் வரும், பறவைகள் வரும், பிறகு அவையும் போகும். அடுத்த பாட்டு வரப்போகிறது என்று றிமோட்டைத் தேடினேன். மாமா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். இரண்டு செக்கன் சும்மா நின்றவர், மெல்லத் தொண்டையைச் செருமிவிட்டு இளையராஜா பாட்டின் முதல் வரியை முணுமுணுக்கத் தொடங்கினார். கசற்றில் அடுத்து வருவது அதுதானே. எனக்கும் அது உள்ளே ஓடத் தொடங்கியிருந்தது, நானும் சேர்ந்தேன். பல்லவி முடிய இரண்டாவது பாட்டை அம்மா குசினியிலிருந்து எடுத்துக் கொடுத்தா. தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்து கதவடியில் நின்று பாடினா. மூன்றாவது பாட்டை மூன்று பேரும் பிடித்தோம். பல்லவி முடிந்து, அதற்கு மேல் கொஞ்சத் தூரம் போனதும், நாடா முடிகிற அதே சொல்லில், மூன்று பேரும் ஒன்றாக நிறுத்தினோம்.

ட்ரான்ஸ்போமர் இரைந்துகொண்டிருந்தது. மாமா இடது காதை அதன் பக்கம் திருப்பினார்.